வர்ஜீனியாவில் ஏன் ஒற்றைப்படை ஆண்டில் சட்டமன்றத் தேர்தல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிபர் தேர்தல் முடிந்து பன்னிரண்டு மாதங்கள்கூட முழுமையாகக் கடந்திராத நிலையில், 2025 நவம்பர் 4 அன்று வர்ஜீனியா மாநில மக்கள் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள். அமெரிக்காவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆனவர்களிலும் சிலர், "இப்போதுதானே தேர்தல் நடந்தது, அதற்குள் மறுபடியும் என்ன?" என்று கேட்பதுண்டு. அக்கேள்வியையும் அதை ஒட்டி எழும் பிற கேள்விகளையும் இங்கே தொகுத்து விடையளிக்கிறோம்.

ஒற்றைப்படை ஆண்டுத் தேர்தல் என்பது என்ன? இடைக்காலத் தேர்தலும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. அமெரிக்க அதிபர் தேர்தல் நான்கால் வகுபடும் ஆண்டுகளில் (2020, 2024) நடைபெறுகிறது. அதற்கு இடைப்பட்ட இரட்டைப்படை ஆண்டுகளில் (2022, 2026) நாடாளுமன்றக் கீழவை முழுமைக்கும் செனட்டின் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் நடப்பதையே இடைக்காலத் தேர்தல் என்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சட்டமன்றத் தேர்தலையும் இந்த இரட்டைப்படை ஆண்டுகளிலேயே நடத்திவிடுகின்றன. கூட்டாட்சிப் பதவி எதற்கும் வழக்கமான தேர்தல் இல்லாத 2023, 2025 போன்ற ஆண்டுகளில் தனியே நடைபெறுபவையே ஒற்றைப்படை ஆண்டுத் தேர்தல்கள். உறுப்பினர் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அந்த ஓர் இடத்துக்கு மட்டும் நடக்கும் இடைத்தேர்தல் இவற்றிலிருந்து வேறானது.

எந்தெந்த மாநிலங்களில் இந்த வழக்கம் உண்டு?

சட்டமன்றத்தைப் பொறுத்தவரை வர்ஜீனியா, நியூ ஜெர்சி, லூயிசியானா, மிசிசிப்பி ஆகிய நான்கில் மட்டுமே. கென்டக்கி தன் ஆளுநரை ஒற்றைப்படை ஆண்டில் தேர்ந்தெடுத்தாலும், 1979-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் சட்டமன்றத் தேர்தலை இரட்டைப்படை ஆண்டுக்கு மாற்றிக்கொண்டது. இப்பக்கத்தின் பெரும்பகுதி வர்ஜீனியாவைப் பற்றியது; மற்ற மூன்றும் தேவையான இடங்களில் மட்டும் வரும்.

வர்ஜீனியாவில் யார் யாருக்கு வாக்களிக்கிறார்கள்?

1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடிய பேரவையைத் தன் தொடக்கமாகக் கருதும் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள் உண்டு. நூறு உறுப்பினர்களைக் கொண்ட பிரதிநிதிகள் அவைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், நாற்பது உறுப்பினர்களைக் கொண்ட செனட்டுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் தேர்தல் நடக்கிறது. செனட்டின் முறை 2019, 2023, 2027 என அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டிலும், ஆளுநரின் முறை 2017, 2021, 2025 என அதிபர் தேர்தலுக்கு அடுத்த ஆண்டிலும் வருகிறது. எனவே பிரதிநிதிகள் அவைத் தேர்தலோடு ஒருமுறை செனட்டும் மறுமுறை ஆளுநர் பதவியும் மாறி மாறி இணைந்துகொள்கின்றன.

ஆளுநர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர் ராஜ்பவனை நினைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர். வர்ஜீனியாவில் மட்டும் ஒரு தனி விதி உண்டு: ஆளுநர் ஒருவர் தொடர்ச்சியாக இரண்டாம் முறை போட்டியிட முடியாது. ஆகவே ஒவ்வோர் ஆளுநர் தேர்தலிலும் களம் புதியதாகவே இருக்கும்.

இப்படியொரு காலக்கணக்கு எப்படி உருவானது?

"மாநில விவகாரம் தேசிய ஆரவாரத்தில் மூழ்கிவிடக் கூடாது என்று முன்னோர்கள் திட்டமிட்டார்கள்" என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. நியூ ஜெர்சியைப் பொறுத்தவரை அது உண்மை. அங்கே ஆளுநரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளாக இருந்ததால் அத்தேர்தல் சில முறை அதிபர் தேர்தலோடு மோதிக்கொண்டது. 1947-இல் புதிய அரசியலமைப்பை இயற்றியவர்கள் பதவிக்காலத்தை நான்காண்டாக்கி, மாநிலத் தேர்தல்களை ஒற்றைப்படை ஆண்டுகளில் அறிந்தே அமைத்தார்கள். அதன்படி முதல் ஆளுநர் தேர்தல் 1949-இல் நடந்தது.

வர்ஜீனியாவின் கதை வேறு. ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே 1851 அரசியலமைப்பால் வந்தது. பின்னர் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கூட்டமைப்பில் சேர்ந்து தோற்ற வர்ஜீனியா, இராணுவ நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1868 அதிபர் தேர்தலில் அது பங்கேற்கவே இல்லை. 1868-இல் எழுதி முடிக்கப்பட்ட புதிய அரசியலமைப்பை மக்கள் வாக்கெடுப்புக்கு விடுவது தள்ளிப்போய், 1869 ஜூலை 6 அன்றுதான் அவ்வாக்கெடுப்பும் ஆளுநர் தேர்தலும் சேர்ந்து நடைபெற்றன. அந்த ஆண்டிலிருந்து நான்கு நான்காக எண்ணிக்கொண்டே வந்தால் 1873, 1877 என்று தொடங்கி 2025-இல் வந்து நிற்கலாம். தத்துவம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தேதியை முதலில் தந்தது போர்க்காலத்தின் தாமதமே என்பது என் கருத்து. எனினும், தற்செயலாக அமைந்த ஒன்றை நூற்றைம்பது ஆண்டுகள் யாரும் மாற்றாமல் வைத்திருப்பது தற்செயல் ஆகாது. அதற்கான காரணம் கீழே வருகிறது.

வாக்களிப்போர் எண்ணிக்கை உண்மையிலேயே குறைகிறதா?

வெகுவாகக் குறைகிறது. 2016 அதிபர் தேர்தலில் வர்ஜீனியாவின் பதிவுபெற்ற வாக்காளர்களில் ஏறத்தாழ 72 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டான 2015-இல், சட்டமன்றமும் உள்ளாட்சிப் பதவிகளும் மட்டுமே வாக்குச்சீட்டில் இருந்தபோது, வந்தவர்கள் சுமார் 29 சதவீதம். ஆளுநர் பதவியும் சேரும் ஆண்டுகளில் நிலைமை சற்று மேல்: 2017-இல் ஏறக்குறைய 47 சதவீதம், 2021-இல் 55 சதவீதத்தை ஒட்டி. நியூ ஜெர்சியில் சட்டமன்றக் கீழவை மட்டும் வாக்குச்சீட்டின் உச்சியில் நின்ற 2015-இல் வாக்குப்பதிவு 22 சதவீத அளவுக்குச் சரிந்தது. ஐந்தில் ஒருவரைச் சற்றே தாண்டிய கூட்டம், ஐந்து பேருக்கும் சட்டம் இயற்றுபவர்களைத் தேர்ந்தெடுத்தது என்று பொருள்.

அதனால் ஆதாயம் அடைவது யார்?

ஒழுங்குபடுத்தப்பட்ட அமைப்புகள். எப்போதும் தவறாமல் வாக்களிக்கும் ஆட்களைத் தன் கையில் வைத்திருக்கும் எந்த அமைப்புக்கும், மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிடும் தேர்தல் வசதியானது. இதற்கு வர்ஜீனியாவைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

1902-இல் வர்ஜீனியா ஓர் அரசியலமைப்பை, மக்களின் ஒப்புதலைக் கேட்காமலேயே, பிரகடனம் செய்து நடைமுறைப்படுத்தியது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி விதிக்கப்பட்டது. அந்த வரியைத் தேர்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து, தேர்தலுக்கு ஆறு மாதங்கள் முன்னதாகவே செலுத்தியிருந்தால்தான் வாக்களிக்கலாம். கறுப்பின வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோரும், அவர்களோடு ஏழை வெள்ளையரில் பலரும் பட்டியலிலிருந்து மறைந்தார்கள். 1900 அதிபர் தேர்தலில் வர்ஜீனியாவில் 2,60,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. 1904-இல் அது சுமார் 1,30,000. அதிபர் தேர்தலிலேயே இந்தக் கதி என்றால், நவம்பரில் யார் போட்டியிடுகிறார்கள் என்பதுகூடப் பலருக்குத் தெரியாத ஒற்றைப்படை ஆண்டில் வரியை மே மாதத்திலேயே நினைவு வைத்துக் கட்டுபவர் யாராக இருந்திருப்பார்? மாவட்ட அலுவலர்களும் அவர்களை அண்டியிருந்தவர்களுமே. அந்த வலைப்பின்னலின் மேல்தான் ஹாரி பைர்டு, 1926 முதல் 1930 வரை ஆளுநராகவும் 1933 முதல் 1965 வரை நாடாளுமன்றச் செனட்டராகவும் இருந்து, மாநிலத்தைத் தன் பிடியில் வைத்திருந்தார்.

கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரி 1964-இல் வந்த 24-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் நீங்கியது. மாநிலத் தேர்தல்களில் அது நீங்குவதற்கு, வர்ஜீனியாவின் தேர்தல் வாரியத்தையே எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. வரி போயிற்று, தேர்தல் ஆண்டு அப்படியே இருந்தது.

தேசிய அரசியலின் தாக்கம் இல்லாமல் மாநில விவகாரங்களைப் பேசவாவது இந்த முறை உதவுகிறதா?

அதைத்தான் இம்முறையின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் முடிவுகள் அதற்குச் சான்றளிக்கவில்லை. 1977 முதல் 2025 வரை வர்ஜீனியாவில் பதின்மூன்று ஆளுநர் தேர்தல்கள் நடந்துள்ளன. அவற்றில் பன்னிரண்டில், அப்போது வெள்ளை மாளிகையில் இருந்த அதிபரின் கட்சி தோற்றது. 2013-இல் டெரி மெக்காலிஃப் வென்றது மட்டுமே விதிவிலக்கு. சாலைக்கும் பள்ளிக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் மட்டுமே மக்கள் தீர்ப்பளிக்கிறார்கள் என்றால் இப்படியொரு ஒழுங்கு அமைய வாய்ப்பில்லை. வாஷிங்டன் மீதுள்ள சினத்தை வெளிப்படுத்த முதலில் கிடைக்கும் வாக்குச்சீட்டு இதுவாக இருப்பதால், அது இங்கேதான் வந்து விழுகிறது. 2025-இல் அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் வர்ஜீனியாவின் முதல் பெண் ஆளுநராகப் பெரும் வித்தியாசத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டபோது மத்திய அரசின் அலுவலகங்கள் நிதி ஒதுக்கீடின்றி முடங்கியிருந்தன. மத்திய அரசு ஊழியர்கள் திரளாக வாழும் வடக்கு வர்ஜீனியாவில் அது பேசப்படாத வீடு இருந்திருக்காது. அதே நாளில் பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சி 64 இடங்களையும் குடியரசுக் கட்சி 36 இடங்களையும் பெற்றன.

காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சிறிய தொகுதியில் அதன் வேகம் அதிகம். 2021-இல் நியூ ஜெர்சியில் பத்தாண்டுகளுக்கும் மேலாக மாநிலச் செனட்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஸ்வீனியை, அரசியலில் பெயரே தெரியாத லாரி ஓட்டுநரான எட்வர்டு டர் தோற்கடித்தார்.

ஒரே ஒரு வாக்கில் ஆட்சி மாறும் என்பது மிகைப்படுத்தல்தானே?

2017-இல் வர்ஜீனியாவின் 94-ஆவது தொகுதியில் அவையின் பெரும்பான்மையே ஒரு வாக்கைப் பொறுத்து நின்றது. அத்தேர்தலுக்கு முன் பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சிக்கு 66 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 34. பதினைந்து இடங்கள் கைமாறும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை, ஆனால் மாறின. நியூபோர்ட் நியூஸ் நகரைச் சேர்ந்த 94-ஆவது தொகுதியின் முடிவு மட்டும் இழுபறியில் நின்றது. அங்கே ஜனநாயகக் கட்சி வென்றால் அவை ஐம்பதுக்கு ஐம்பது. குடியரசுக் கட்சி வென்றால் 51-க்கு 49.

முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி பத்து வாக்குகள் முன்னிலை பெற்றார். டிசம்பர் 19 அன்று நடந்த மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் 11,608, யான்சி 11,607 என்று ஆயிற்று. மறுநாள், இரு வேட்பாளர்களுக்கும் குறியிடப்பட்டு அதில் ஒரு குறியின் மேல் கோடு கிழிக்கப்பட்டிருந்த ஒரு வாக்குச்சீட்டை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராய்ந்து, அது யான்சிக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. இருவருக்கும் 11,608. சமநிலை ஏற்பட்டால் குலுக்கல் என்பது மாநிலச் சட்டம். 2018 ஜனவரி 4 அன்று ரிச்மண்டில், பழைய புகைப்படச் சுருள் குப்பிகள் இரண்டில் பெயர்ச்சீட்டுகளை இட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு எடுத்தார்கள். யான்சியின் பெயர் வந்தது. குடியரசுக் கட்சி அவையைத் தக்கவைத்துக்கொண்டது.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே குலுக்கல் தேர்ந்தெடுக்கும் முறையாகவே இருந்தது. இங்கே வேறு வழியற்றுப்போன இடத்தில் வந்தது. 2019-இல் இருவரும் மீண்டும் மோதினார்கள், சைமண்ட்ஸ் வென்றார்.

இத்தேர்தல்களால் மக்களின் வாழ்வில் என்ன மாறுகிறது?

2017-க்கும் 2021-க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளைப் பார்த்தால் போதும். குறைந்த வருவாய் உள்ளோருக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவுபடுத்த ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்த சட்டமன்றம், 2017 முடிவு தந்த அதிர்ச்சிக்குப் பிறகு 2018-இல் இணங்கியது. குடியரசுக் கட்சி இரு அவைகளிலும் நூலிழைப் பெரும்பான்மையில் இருந்தபோதே, அதன் உறுப்பினர்கள் சிலர் மாறி வாக்களித்ததால் இது நிறைவேறி, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் தகுதி பெற்றார்கள்.

2019-இல் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் கைப்பற்றியது. 2020 ஜனவரியில், பாலினச் சம உரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்ற 38-ஆவது மாநிலமாக வர்ஜீனியா ஆனது. லீ, ஜாக்சன் என்னும் தென்தரப்புத் தளபதிகளின் பெயரால் இருந்த அரசு விடுமுறை நீக்கப்பட்டு, தேர்தல் நாள் விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. நாட்டிலேயே மிக அதிக எண்ணிக்கையில் மரண தண்டனையை நிறைவேற்றிய மாநிலம் என்ற வரலாறு கொண்ட வர்ஜீனியாவில், தென்மாநிலங்களுள் முதலாவதாக, அது நடந்தது.

மூன்று ஆண்டுகளில் மூன்று தேர்தல் நடந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பூஜ்யத்தில் முடியும் ஆண்டில் நடக்கிறது. அதன் விவரம் கைக்கு வருவது மறு ஆண்டில். அதே மறு ஆண்டின் நவம்பரில் வர்ஜீனியாவில் தேர்தல் வந்துவிடுகிறது. இரட்டைப்படை ஆண்டில் தேர்தல் நடத்தும் மாநிலங்களுக்குத் தொகுதி மறுவரையறைக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கும். வர்ஜீனியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் சில மாதங்கள்தான். 1981-இல் வகுத்த தொகுதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. ஆனால் தேர்தல் நெருங்கிவிட்டதால், அவ்வாண்டு வென்றவர்களுக்கு ஓராண்டுப் பதவிக்காலம் மட்டுமே என்று உத்தரவிட்டது. புதிய தொகுதிகளில் 1982-இல் ஒரு தேர்தலும், வழக்கமான முறைப்படி 1983-இல் மற்றொன்றும் நடந்தன.

2021-இல் கொரோனா பெருந்தொற்றால் கணக்கெடுப்பு விவரம் தாமதமானதால் பத்தாண்டுப் பழைய தொகுதிகளிலேயே தேர்தல் நடந்தது. 2022-இல் மறுதேர்தல் நடத்த வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கு இம்முறை வெற்றி பெறவில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேரும் பொதுமக்கள் எட்டுப் பேரும் கொண்ட மறுவரையறை ஆணையம் கட்சி வழியில் பிளந்து முடங்கிப்போக, மாநில உச்ச நீதிமன்றமே வல்லுநர் இருவரை நியமித்து 2021 டிசம்பரில் தொகுதிகளை வகுத்தது.

அரசியலமைப்புத் திருத்தத்துக்கும் இத்தேர்தலுக்கும் என்ன தொடர்பு?

வர்ஜீனியாவில் ஒரு திருத்தத்தைச் சட்டமன்றம் இருமுறை நிறைவேற்ற வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையில் பிரதிநிதிகள் அவைத் தேர்தல் ஒன்று நடந்திருக்க வேண்டும். அதன் பின்னர் மக்கள் வாக்கெடுப்பு. முன்னர் கூறிய மறுவரையறை ஆணையமே இதற்கு எடுத்துக்காட்டு. 2019-இல் சிறுபான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியினர் அதை உற்சாகமாக ஆதரித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் பெரும்பான்மை கிடைத்ததும், 2020-இல் பிரதிநிதிகள் அவையில் அவர்களில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சியினரோடு சிலர் சேர்ந்ததால் திருத்தம் தப்பிப் பிழைத்து, மக்களின் ஒப்புதலையும் பெற்றது. இரண்டு வாக்கெடுப்புக்கு இடையில் ஒரு தேர்தலைச் செருகியவர்கள் அரசியல்வாதிகளை நன்கு அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

தேர்தல் செலவுக்கு வரம்பு உண்டா?

மாநில வேட்பாளர்களுக்கு ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் நன்கொடை அளிக்கலாம்; நிறுவனங்களும் அளிக்கலாம். வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நெடுங்காலமாகப் பிரதிநிதிகள் அவை உறுப்பினரின் ஆண்டு ஊதியம் 17,640 டாலர், செனட்டருக்கு 18,000 டாலர் என்ற அளவில் இருந்து வந்துள்ளதையும், ஒரு தொகுதிக்கே பல லட்சம் டாலர் செலவாவதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்திய வம்சாவளியினர் வென்றிருக்கிறார்களா?

ஆம். ஹைதராபாத்தில் பிறந்த கஜாலா ஹாஷ்மி 2019-இல் மாநிலச் செனட்டுக்கும், 2025-இல் துணை ஆளுநர் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுகாஸ் சுப்ரமணியம் 2019-இல் பிரதிநிதிகள் அவைக்கும், 2023-இல் மாநிலச் செனட்டுக்கும் சென்று, 2024-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் விட்டுச் சென்ற செனட் இடத்துக்கு 2025 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில், இந்தியாவிலிருந்து குடியேறிய கண்ணன் சீனிவாசன் வென்றார்.

யார் வாக்களிக்கலாம்?

பதினெட்டு வயது நிறைந்த, வர்ஜீனியாவில் வசிக்கும், பதிவு செய்துகொண்ட அமெரிக்கக் குடிமக்கள். பச்சை அட்டையோ பணி விசாவோ போதாது. தேர்தலுக்கு 45 நாள்கள் முன்பிருந்தே, காரணம் கூறாமல் நேரில் சென்று வாக்களிக்கலாம்.

இரட்டைப்படை ஆண்டுக்கு மாற்றிவிட்டால் என்ன?

பதவிக்காலம் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருப்பதால் அதற்குத் திருத்தம் தேவை. ஒருமுறை மட்டும் பதவிக்காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். கென்டக்கி செய்தது என்பதால் இயலாத ஒன்றல்ல. மாற்றக் கூடாது என்போரின் வாதத்தில் ஒன்றை நான் ஏற்கிறேன்: அதிபர் தேர்தலின் நீண்ட வாக்குச்சீட்டில் மாநில வேட்பாளர் அடியில் போய் மறைந்துவிடுவார், செய்தியாளர்களுக்கும் அவரைக் கவனிக்க நேரம் இருக்காது. ஆனால் இதே சட்டமன்றம், மே மாதத்தில் நடந்துவந்த நகராட்சித் தேர்தல்களில் வாக்குப்பதிவு குறைவாக இருக்கிறது என்ற காரணம் காட்டி, அவற்றை 2022 முதல் நவம்பருக்கு மாற்றியது. நகராட்சி உறுப்பினருக்குப் பொருந்திய அந்த நியாயம் தங்களுக்கு எப்படிப் பொருந்தாமல் போகிறது என்பதை அந்த உறுப்பினர்கள்தாம் விளக்க வேண்டும். இப்போதுள்ள வாக்காளர் கூட்டத்தால் வென்று வந்த ஒருவர், அந்தக் கூட்டத்தை மாற்றியமைக்கத் தாமாக முன்வருவது அரிது.

அடுத்த தேர்தல் எப்போது?

2027 நவம்பர் 2 அன்று வர்ஜீனியாவின் இரு அவைகளுக்கும் தேர்தல். ஆளுநர் பதவி அதில் இராது. நியூ ஜெர்சி, லூயிசியானா, மிசிசிப்பி ஆகியவற்றின் இரு அவைகளும் அதே ஆண்டில் தேர்தலைச் சந்திக்கின்றன. லூயிசியானாவில் மட்டும் வழக்கப்படி சனிக்கிழமையில், எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் இடம்பெறும் முதற்சுற்றுடன் அது நடக்கும். வர்ஜீனியாவில் 140, நியூ ஜெர்சியில் 120, லூயிசியானாவில் 144, மிசிசிப்பியில் 174 என மொத்தம் 578 இடங்கள்.